வல்வில் ஓரி: கைக்குப் பொருந்திய வில்



காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே கொல்லிமலைக்குப் போனவர்கள் நம்மில் பலர். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, வாழைப்பழமும் அன்னாசிப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுகிறோம். போகிற வழியில் செம்மேட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையை எத்தனை பேர் நின்று பார்த்தோம்? அவர்தான் அந்த மலையின் அரசர், கடையெழு வள்ளல்களில் ஒருவர், வல்வில் ஓரி. ஆடி மாதம் பதினெட்டாம் பெருக்கை ஒட்டி வருஷா வருஷம் அவர் பெயரில் அரசு விழா நடக்கிறது. நாமக்கல் மாவட்டமே 1997-இல் பிறந்தது. ஓரியோ சங்க காலத்து மனிதர்!

தமிழ் ஆசிரியர்கள் ஓரியைக் கொடைக்காகச் சொல்லுவார்கள். டிப்ளமோ படிக்கிற நாம் அவரை இன்னொரு கண்ணாலும் பார்க்கலாமே? ஒரு கருவிக்கும் அதைப் பிடிக்கும் கைக்கும் என்ன உறவு என்பதற்கு இவரைவிட நல்ல பாடம் நம்ம பக்கத்தில் கிடையாது.

மலையும் மன்னனும்

ஓரியின் முழுப்பெயர் ஆதன் ஓரி என்று புறநானூறு காட்டுகிறது. மழை மேகம் தங்கும் கொல்லிமலைதான் அவர் நாடு. அவருடைய குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். வல்வில் என்பது பட்டம். வலிமையான வில் என்று பொருள். சேரன், சோழன், பாண்டியன் என்ற மூன்று பெரிய அரசுகளுக்கு நடுவே, மலையும் காடும் உள்ள ஒரு சிறிய நாட்டை வைத்திருந்தவர் அவர்.

அவரைப் பற்றிய நேரடிச் சித்திரம் வன்பரணர் என்ற புலவர் தந்தது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. கதை இதுதான். பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே போகிறது. அங்கே ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறார்கள். அவர் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது! பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். ஆளைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவர் மாதிரி இல்லை, மார்பில் மாலை, முகத்தில் செல்வக் களை. இவர் ஓரியோ, இல்லை வேறு யாரோ என்று சந்தேகம். முழவும் யாழும் எடுத்து முறைப்படி பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்ற சொல் வந்ததும் அந்த மனிதர் வெட்கப்பட்டுத் தலை குனிகிறார். பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளி அள்ளித் தருகிறார். நட்ட நடுக்காட்டில்!

ஒரே அம்பு ஐந்து உயிர்... நடக்குமா?

மெக்கானிக்கல் பசங்க உடனே கையைத் தூக்குவீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழுத்து முடிக்கும்போது 22 கிலோ விசை கேட்கும் ஒரு நல்ல வில்லை எடுத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரம் நாண் இழுபட்டால் வில்லில் சேரும் ஆற்றல் சுமார் 55 ஜூல். இதிலும் ஒரு பகுதி வில்லின் கைகளை அசைப்பதிலேயே போய்விடும். இதை வைத்துக்கொண்டு யானையைத் துளைத்துப் புலியையும் தாண்டிப் போக முடியாது. புலவர் உயர்வாகத்தான் பாடியிருக்கிறார், சரி. ஆனால் எதை உயர்த்திப் பாடினார் என்று பாருங்கள். அம்பின் வேகத்தை மட்டுமில்லை, அது போன நேர்கோட்டையும்தான். திசை கொஞ்சமும் பிசகாத ஓர் எய்தல்! அந்தப் பிசகாமை எங்கிருந்து வருகிறது? கண்ணிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பாதிதான் சரி. மீதிப் பாதி, வில் ஆளுக்குப் பொருந்துவதில் இருக்கிறது.

முதலில் நீளம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அதை 2.5-ஆல் வகுத்தால் அவரவர் நாண் இழுக்கும் தூரம் ஏறக்குறையத் தெரியும். 170 செ.மீ. என்றால் 68 செ.மீ. இழுத்த கை ஒவ்வொரு தடவையும் தாடையிலோ கன்னத்திலோ ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். வில் அளவு தப்பினால் கை ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. அம்பின் வால் 1 செ.மீ. பக்கவாட்டில் விலகினால், 70 செ.மீ. அம்பு 15 மீட்டர் தூரத்தில் 21 செ.மீ. தள்ளிப் போகும். மானுக்கு வைத்த குறி புதருக்கு!

அடுத்து வலு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வலிமையான வில் என்றால் நல்ல வில் என்று நினைக்கிறோம். தன் முதுகுத் தசைக்கு மீறிய வில்லை எடுத்தவன், இழுத்துப் பிடித்து நிற்க முடியாமல் நடுங்குவான், அவசரமாக விட்டுவிடுவான். ஓரிக்கு வல்வில் என்ற பெயர் நின்றது வில் வலிமையாக இருந்ததால் மட்டுமா? அந்த வலிமை அவர் உடம்புக்குச் சரியாக இருந்ததால்தான். அதே வில்லை நம் கையில் கொடுத்திருந்தால் நமக்கு அது வெறும் மரம். வில்லுக்குச் சிலை என்றும் பெயர், ஒரு வகை மரத்துக்கும் அதே பெயர். மரத்தை வில்லாக்குவது பிடிக்கிற ஆள்தான் போலிருக்கிறது!

மூன்றாவது பிடி. வில்லை இறுக்கிப் பிடித்தால் நாணை விடும் நொடியில் வில் திருகும். கட்டை விரலின் அடிப்பாகத்தில் வில்லைத் தாங்கவைத்து, விரல்களைத் தளர்த்தி விடுவதுதான் முறை. பிடி தடிமனாக இருந்தாலும் மெலிதாக இருந்தாலும் கை தானாகவே இறுகும்.

நான்காவது கண். நம் இரண்டு கண்ணில் ஒன்றுதான் குறி பார்ப்பதில் முந்தும். வலது கைக்காரருக்கு இடது கண் முந்தினால் வில்லையே மாற்றிப் பிடிக்க வேண்டிவரும்.

வில்லிலிருந்து பிஸ்டலுக்கு

நண்பர்களே, இதே நான்கு விஷயம்தான் இன்றைய கைத்துப்பாக்கியிலும். பின்னங்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 15 செ.மீ. உள்ள பிஸ்டலில் முன்குறி 1 மி.மீ. விலகினால், 15 மீட்டரில் குண்டு 10 செ.மீ. விலகும். அந்த 1 மி.மீ. எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கைப்பிடியிலிருந்துதான்.

நம் நாட்டில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுனிங் துப்பாக்கியின் மாதிரி. 13 குண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கும் மேகசின், அதனால் பிடி தடிமன். பெரிய கைக்குக் கச்சிதம். சிறிய கைக்காரருக்கு விரல் டிரிகருக்கு எட்டாது. எட்டுவதற்காகத் துப்பாக்கியை உள்ளங்கையில் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பார். அப்போது குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்காது. உதைப்பு முழுக்கக் கட்டை விரல் மூட்டில் விழும், அடுத்த குண்டு எங்கோ போகும். விரல் நுனி மட்டும் டிரிகரில் பட்டால், பின்னால் இழுப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தள்ளும். பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள்? இந்த ஆளுக்குக் குறி வராது! குறி வராதது ஆளுக்கா, பிடிக்கா?

இதைப் புரிந்துகொண்டுதான் பின்னாளில் வந்த பல பிஸ்டல்களில் பிடியின் பின்தகட்டைக் கைக்கு ஏற்ப மாற்றிப்போட வழி செய்தார்கள். போட்டித் துப்பாக்கியில் மரப்பிடியை அவரவர் கையின் மேடு பள்ளத்துக்கே செதுக்குகிறார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ.தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையை நீட்டி அதைத் தொட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். 2024 பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினார். பயிற்சிதான் பெரிசு, மறுக்கவில்லை. ஆனால் பொருந்தாத பிடியோடு பயிற்சி செய்தால் தப்பைத்தான் பழகுவோம்.

கொடையும் முடிவும்

ஓரியிடம் திரும்புவோம். வன்பரணரின் இன்னொரு பாட்டில், குளத்தில் பூக்காத குவளை மலர்கள் வருகின்றன. மணியால் செய்து வெள்ளி நாரில் தொடுத்தவை! அதோடு யானைகளும் பரிசு. பசி தீர்ந்துபோன பாணர் கூட்டம் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்து உட்கார்ந்துவிட்டதாம். சிறுபாணாற்றுப்படையோ, கூத்தாடும் மக்களுக்கு அவர் நாட்டையே கொடுத்தார் என்கிறது. கொடுப்பதிலும் அவருக்கு ஆள் பார்த்து அளவு தெரிந்திருக்கிறது. நடுக்காட்டில் பசித்து வந்தவர்களுக்கு முதலில் இறைச்சி, அப்புறம்தான் பொன்!

முடிவு சோகமானது. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியோடு போரிட்டு அவரைக் கொன்றான், கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான். கல்லாடனார் அகநானூற்றில் இதைச் சொல்கிறார். ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பேரொலியைக் கபிலர் நற்றிணையில் பதித்திருக்கிறார். காரியும் ஓரியும் இரண்டு பேருமே கடையெழு வள்ளல்கள் என்பதுதான் மனசைப் பிசைகிறது. கையில் எவ்வளவு நல்ல வில் இருந்தாலும் மூன்று பேரரசுகளுக்கு நடுவே ஒரு சின்ன மலைநாடு தப்பவில்லை. மலை கைமாறியது. பெயர் மட்டும் கைமாறவே இல்லை!

நமக்கு என்ன?

நாளை நாம் வொர்க்‌ஷாப்பிலோ கம்பெனியிலோ நிற்கப் போகிறோம். வைஸின் வாய் நம் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஃபிட்டிங் பாடத்திலேயே இருக்கிறது. குள்ளமான பையனுக்குக் கால் கீழே ஒரு பலகை போட்டால் அவன் ஃபைல் நேராக ஓடும். பலகை போடாமல் அவனை மண்டு என்று திட்டினால் ஒரு நல்ல தொழிலாளியை இழக்கிறோம். இடது கைக்காரர், சின்னக் கை உள்ள பெண் தொழிலாளி, வயசான ஆப்பரேட்டர்... இவர்களுக்கெல்லாம் கருவி செய்யப் போவது யார்? நாம்தானே! டிராயிங் போர்டில் ஒரு ஹேண்டிலுக்கு விட்டம் போடும்போது, எந்தக் கைக்கு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் நண்பர்களே.

அடுத்த தடவை செம்மேட்டில் பஸ் நிற்கும்போது இறங்கி, அந்த வில்லாளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள். வாழ்க ஓரியின் புகழ்!