காற்றைச் சக்கரத்தில் கட்டிய மாட்டு டாக்டர்



டன்லப் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் டயர் என்போம். சில பேர் மெத்தை, தலகாணி என்பார்கள். ஆனால் அது முதலில் ஒரு மனிதரின் பெயர். அவர் எஞ்சினியரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். நாம் தினமும் காற்றடிக்கிறோமே சைக்கிள் டயர், அதை உலகத்துக்குப் பழக்கியவர் அவர்தான். அவர் கதையை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

ஜான் பாய்ட் டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். குறை மாதத்தில் பிறந்த பிள்ளை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் தன் உடம்பு ரொம்ப நோஞ்சான் என்று அவர் வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டு, ஜாக்கிரதையாகவே இருந்தார். வேடிக்கை என்னவென்றால், 81 வயது வரை பெரிய நோய் எதுவும் அவருக்கு வரவே இல்லை!

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மே தெரு என்ற இடத்தில் வைத்தியசாலை வைத்தார். அந்தக் காலத்தில் வண்டி என்றாலே குதிரை வண்டிதான். அதனால் குதிரை டாக்டருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. நல்ல பேரும் சம்பாதித்தார்.

கடகட சைக்கிள்

அப்போது இருந்த சைக்கிள் எப்படி இருந்தது தெரியுமா? முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் சின்னதாக ஒரு சக்கரம். மேலே ஏறி உட்காரவே ஒரு வித்தை தெரிய வேண்டும். விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். இன்றைக்கு நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அங்கேதான் ஆரம்பம்.

ஆனால் அதில் ஒரு தொல்லை. டயர் கெட்டியான ரப்பர். கருங்கல் பாவிய தெருவில் போனால் எலும்பெல்லாம் கழன்றுவிடும் போல ஆடும். பெரிய சக்கரமாவது பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். சின்னச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும். அதனால் விழாமல் போக வேண்டுமா, குலுங்காமல் போக வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலைமை.

மகனுக்காகச் செய்தது

டன்லப்பின் மகனுக்கு அப்போது பத்து வயது வாக்கில் இருக்கும். அவனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. பெல்ஃபாஸ்ட் தெருவில் அவன் கடகடவென்று ஓட்டிப் போவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். 1887-ல் வேலையை ஆரம்பித்தார்.

வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர் தாளை ஒட்டிக் குழாய் மாதிரி செய்து அதைச் சுற்றி வைத்தார். மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். பையனுடைய கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை வாங்கிக் காற்றடித்தார். அவ்வளவுதான், உலகத்துக்கே உபயோகமான பொருள் தயார்!

அடுத்து அவர் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கெட்டி ரப்பர் போட்ட சைக்கிள் சக்கரத்தை முற்றத்தில் உருட்டிவிட்டார். அது கடைசி வரை போகாமலே விழுந்துவிட்டது. அப்புறம் காற்றுக் குழாய் சுற்றிய பலகையை உருட்டினார். அது முற்றம் முழுக்க ஓடி, அந்தப் பக்கம் கதவில் முட்டித் திரும்பியும் வந்தது. லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு முற்றம் போதும் என்று காட்டிவிட்டார்.

ஏன் அப்படி ஆனது? கெட்டி டயர் ஒரு கல்லில் ஏறினால் வண்டி, ஆள் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதில் வேகம் வீணாகிறது. காற்று டயரில் கல் பட்ட இடம் மட்டும் கொஞ்சம் அமுங்கி, மறுபடி எழுந்துவிடும். சக்கரம் பாட்டுக்கு நேராகப் போகும். குலுக்கலும் குறையும், வேகமும் கூடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

பையனின் சைக்கிளில் பின் சக்கரங்கள் இரண்டிலும் இதை மாட்டிப் பார்த்தார்கள். சொகுசாக ஓடியது. 1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18-ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயர் போட்ட சைக்கிளோடு வந்தார். பூசணிக்காய் மாதிரி தடியாக இருந்த டயரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கலந்துகொண்ட பந்தயம் எல்லாவற்றிலும் அவரே ஜெயித்தார். அப்புறம் யார் சிரிப்பார்கள்?

அந்தப் பந்தயத்தில் தோற்றவர்களில் டப்ளினைச் சேர்ந்த ஹார்வி டு குரோஸ் என்பவரின் மகன்களும் உண்டு. மகன்கள் தோற்றுவிட்டார்களே என்று அவர் கோபப்படவில்லை. இந்த டயரை விடக்கூடாது என்று முடிவு செய்தார். அதே 1889-ல் கம்பெனி ஆரம்பித்து டன்லப்பையும் சேர்த்துக்கொண்டார்.

வந்தது சோதனை

இங்கேதான் கதை மாறுகிறது. டன்லப்புக்கு 40 வருஷத்துக்கு முன்னாலேயே ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றுச் சக்கரம் செய்து, 1845-ல் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். லண்டனில் குதிரை வண்டிக்கு மாட்டி ஓட்டியும் காட்டினார். அப்போது இந்த மாதிரி சைக்கிளே கிடையாது. அதனால் அவர் செய்தது அப்படியே மறந்துபோனது. டன்லப்புக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே? டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது.

அவர் செய்த டயரில் குறையும் இருந்தது. ரிம்மோடு ஒட்டியே இருந்ததால் பஞ்சர் ஆனால் உரித்து எடுப்பதே பெரும்பாடு. கழற்றி மாட்டும் டயருக்கு 1890-ல் வெல்ச், பார்ட்லெட் என்ற இரண்டு பேர் தனித்தனியாக வழி கண்டுபிடித்தார்கள். கம்பெனி அந்த உரிமைகளை வாங்கித்தான் தப்பிப் பிழைத்தது. நம்ம ஊர் சைக்கிள் கடையில் வால்டியூப் போடும் வால்வு இருக்கிறதே, அது 1891-ல் உட்ஸ் என்பவர் செய்ததிலிருந்து வந்தது. ஆக, ஒரு டயருக்குள் இத்தனை பேருடைய மூளை இருக்கிறது.

கம்பெனி நடத்தியவர்களோடு டன்லப்புக்கு ஒத்துப்போகவில்லை. 1890-களின் நடுவில் விலகிவிட்டார். 1896-ல் அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. அந்தப் பெரும் பணத்தில் அவருக்குப் பங்கு இல்லை. டப்ளினில் ஜவுளி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். 1921 அக்டோபர் 23-ஆம் நாள் காலமானார். அவர் போன பிறகும் பெயர் மட்டும் ஊர் ஊராகப் போனது. நம்ம சென்னை அம்பத்தூருக்கும் 1959-ல் டன்லப் டயர் ஆலை வந்தது. பெல்ஃபாஸ்ட்டின் நார்தர்ன் பேங்க் தன் 10 பவுன் நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

இதைப் படித்த பிறகு சைக்கிள் கடையில் நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு தடவைதான் சைக்கிள் வாங்க முடியும். பள்ளிக்கூடம் முடிகிற வரை அதுதான் ஓட வேண்டும். அதனால் பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம், முதலில் சக்கரத்தைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் கவனியுங்கள்.

1. டயரின் பக்கவாட்டில் 28 x 1½ என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் சக்கரத்தின் உயரம், அடுத்தது டயரின் தடிமன், இரண்டும் அங்குலத்தில். ரொம்ப ஒல்லி டயர் பள்ளத்தில் அடி வாங்கும். ரொம்பத் தடி டயர் மிதிக்கக் கனமாக இருக்கும். டவுன் ரோட்டுக்கு நடுத்தரம் நல்லது.

2. முள்ளு முள்ளாக இருக்கும் டயர் சேற்றுக்கும் மண்ணுக்கும் சரி. தார் ரோட்டில் இழுக்கும், சத்தம் போடும்.

3. ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் பார்க்க ஜோர்தான். விலை குறைந்த சைக்கிளில் அது கனத்தைத்தான் கூட்டும். குலுக்கலைக் குறைக்கச் சரியான காற்றே பாதி வேலை செய்யும்.

4. மேடு இல்லாத ஊரில் கியர் அவசியம் இல்லை. பிரேக் இரண்டும் பிடிப்பதுதான் அவசியம். கடையிலேயே உருட்டிப் பிடித்துப் பாருங்கள்.

5. சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல் நுனி தரையில் பட வேண்டும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிய சைக்கிள் வாங்கினால் டிராஃபிக்கில் ஆபத்து.

6. கேரியர், மட்கார்டு, பெல், பூட்டு இருக்கிறதா பாருங்கள். புத்தக மூட்டை நமக்கு, மழைச் சேறும் நமக்குத்தான்.

வாங்கிய பிறகு வாரம் ஒரு தரம் டயரை அமுக்கிப் பாருங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டியூபும் போகும், ரிம்மும் போகும்.

நான் கற்றுக்கொண்டது

டன்லப்தான் முதலில் கண்டுபிடித்தாரா? இல்லை, தாம்சன்தான் முதல். அதை மறைக்கக் கூடாது. ஆனால் காற்று டயரை நம் தெருவரைக்கும் கொண்டுவந்தது பெல்ஃபாஸ்ட் முற்றத்தில் உருண்ட அந்தப் பலகைதான். தன் பிள்ளை குலுங்காமல் போகட்டும் என்று ஒரு அப்பா நினைத்தார். அதனால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இன்று குலுங்காமல் போகிறார்கள். பணம் அவருக்கு வராமல் போனாலும் இது அவருக்கு வந்த பெருமை என்றுதான் நான் நினைக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு