பண்டிதர் அயோத்திதாசர் கேட்ட கேள்வி

தேனாம்பேட்டையில் பொதுக்கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஜாதி, இனம், மொழி, சமயம் ஆகியவற்றால் விளையும் வேற்றுமைகளைப் பற்றிப் பல கட்சியாரும் ஒரே மேடையில் அமர்ந்து விவாதிப்பது இன்று சென்னையின் அரங்கங்களில் வழக்கமாகிவிட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், யார் பேசலாம், எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதைச் சபையோரின் மனப்பான்மையே முன்கூட்டி வரையறுத்துவிடுமாயின், அவ்விவாதத்தால் தேசத்திற்கு விளையும் நன்மை யாது? இதனை ஆராய விரும்புவோர் பண்டிதர் க. அயோத்திதாசரின் சரித்திரத்தை அவசியம் படிக்க வேண்டும். அவர் பிறந்த ஆயிரம்விளக்கும், பத்திரிகை நடத்திய ராயப்பேட்டையும் இன்றைய மாநகராட்சியின் தேனாம்பேட்டை மண்டலத்திலேயே அடங்கியவை.

பண்டிதர் பிறந்தது 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி. பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் மீது கொண்ட பக்தியால் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவராயினும், அவருடைய குடும்பம் கல்வியும் வைத்தியமும் அறிந்த குடும்பம். அவருடைய பாட்டனார் கந்தப்பன் அரிங்டன் துரையிடம் வேலை பார்த்தவர். தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் அத்துரையின் மூலம் எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்ததாகப் பண்டிதரே எழுதியிருக்கிறார். குறளைக் காத்து வைத்திருந்த குடும்பத்தினர் குறளோதும் கோவிலுக்குள் நுழையக் கூடாது என்றால், அந்த விதியை வகுத்தவர்களின் நியாயத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த பண்டிதர் அங்கே அத்வைதானந்த சபையை ஏற்படுத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவம் ஜாதிப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று அவர் அந்நாளில் நம்பியிருக்க வேண்டும். 1891-இல் அவருடைய முயற்சியால் திராவிட மகாஜன சபை தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் நீலகிரியில் கூடிய அதன் மகாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒரு கூட்டமே அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1884-இல் தோன்றிய சென்னை மகாஜன சபை, மாகாணத்தின் தேசீய அபிப்பிராயத்திற்குப் பிரதிநிதி என்று மதிக்கப்பட்ட ஸ்தாபனம். 1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் கூடிய அதன் கூட்டத்திற்குப் பண்டிதர் நீலகிரியின் பிரதிநிதியாக வந்தார். விஷ்ணுவும் சிவனும் எல்லோருக்கும் பொதுவான தெய்வங்கள் என்றால், அத்தெய்வங்களின் கோவில்களுக்குள் தம் மக்கள் நுழையத் தடை ஏன் என்று சபையோரை அவர் வினவினார். சபையில் கூச்சல் எழுந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சாஸ்திரியார் ஒருவர் எழுந்து, மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே அவர்களுக்கு உரிய தெய்வங்கள், சிவனும் விஷ்ணுவும் அவர்களுக்கு உரியவர்கள் அல்லர் என்று தீர்ப்புக் கூறினார். அப்படியானால் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் அவ்விடத்திலேயே மறுமொழி அளித்தார். பின்னர், தம் மக்களின் குழந்தைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், தரிசு நிலங்களும் அளிக்கும்படி சர்க்காரைக் கேட்க வேண்டும் என்றார். இதைச் சபை ஏற்றுக்கொண்டது. இவ்விவரங்களைப் பண்டிதரே பிற்காலத்தில் தம் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சபையின் நடத்தையை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். சர்க்கார் கொடுக்க வேண்டியதைக் கேட்கச் சபை தயங்கவில்லை. தான் விட்டுக்கொடுக்க வேண்டியதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் செவி சாய்க்கவில்லை. பிறர் பொக்கிஷத்திலிருந்து தர்மம் செய்வது எவருக்கும் எளிது. தம் வாசலைத் திறப்பதே கடினம்.

மேடையில் இடம் கிடைத்தும் மதிப்புக் கிடைக்காத பண்டிதர் சோர்ந்து வீட்டிற்குள் அடங்கிவிடவில்லை. 1898-இல் அடையாற்றிலிருந்த கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். சென்னை திரும்பியதும் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பின்னர் கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தோன்றின. நிறத்தால் தாழ்த்தப்பட்ட அந்நிய பூமியில், பிறப்பாலும் தாழ்த்தப்பட்டிருந்த தமிழன் தலைநிமிர்வதற்கு அச்சங்கம் ஒரு துணையாயிற்று.

1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலை ஒரு பைசா. பெயரும் ஒரு பைசாத் தமிழன். ஓராண்டிற்குப் பின் தமிழன் என்று பெயர் சுருங்கிற்று. அரசியல், சரித்திரம், சமயம், வைத்தியம் ஆகியவற்றை வாரந்தோறும் அது விவாதித்தது. வாசகர்கள் ஐயங்களை எழுதி அனுப்புவார்கள்; பண்டிதர் விடை எழுதுவார். விக்டோரியா மண்டபத்தில் மறுக்கப்பட்ட விவாதத்தை, ஒரு பைசாக் கொடுத்து எவரும் கலந்துகொள்ளக்கூடிய விவாதமாக அவர் ஆக்கிவிட்டார்.

பிறப்பினால் ஒருவரும் தாழ்ந்தவர் அல்லர் என்பதே அவருடைய எழுத்துக்களின் சாரம். தாழ்த்தப்பட்டோர் ஆதியில் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்றும், பகைவரால் பின்னர் இழிவுபடுத்தப்பட்டவர்கள் என்றும் அவர் வாதித்தார். ஜனத்தொகைக் கணக்கில் இழிபெயரை விட்டு, ஜாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என்றார். அவருடைய சரித்திர முடிவுகள் அனைத்தையும் ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. தாழ்த்தப்பட்டோரிலேயே வேறு சில வகுப்பாரைத் தம் மக்களிலிருந்து பிரித்துத் தாழ்வாக அவர் எழுதியதையும் மறைப்பதற்கில்லை. சமத்துவம் கேட்டவரின் எழுத்திலும் இக்குறை புகுந்ததென்றால், ஜாதி என்னும் நோய் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

தேசபக்தர்கள் அவர்மீது சாட்டும் குற்றம் ஒன்று உண்டு. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில் அவர் அதனைக் கண்டித்து எழுதினார். ஆங்கில ஆட்சியின் நீதியை நம்பினார். அந்த நம்பிக்கையில் நாம் பங்குகொள்வதற்கில்லை. பஞ்சமும் சுரண்டலும் அந்த ஆட்சியில் முதலில் தாக்கியது அவருடைய மக்களையே அல்லவா? எனினும் சுயராஜ்யம் கேட்போர் தம் ஊர்க் கிணற்றைத் தம் சகோதரனுக்குத் திறந்துவிட்டார்களா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடையளிக்காமல் அவரைத் தேசத்துரோகி என்று ஏசுவது, வாதத்தில் தோற்றவன் வைவதற்கு ஒப்பாகும். அவரை அந்நியரிடம் நெருங்கச் செய்ததில் விக்டோரியா மண்டபத்துக் கூச்சலுக்கும் பங்குண்டு.

1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி பண்டிதர் காலமானார். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஹரிஜனங்களும் நாடார்களும் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திற்குள் பிரவேசித்தனர். அவ்வாண்டிலும் பின்னர் 1947-இலும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் நிறைவேறின. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 1892-இல் கேட்ட கேள்விக்கு மீனாட்சியின் சன்னிதியில் விடை கிடைப்பதற்கு 47 ஆண்டுகள் சென்றன. கேட்டவரோ மறைந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்று கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுந்திருக்கிறது. பண்டிதரின் சிலைக்கு மாலையிடுவோரின் கிராமங்களில் இன்னும் சில ஆலயங்களின் கதவு தகராறின்றித் திறப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே, விவாத மேடைகளைக் கூட்டும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. மேடையில் எல்லா வகுப்பாருக்கும் நாற்காலி போடுவது முதற்படிதான். சபையோருக்குக் கசக்கும் கேள்வியை ஒருவர் எழுப்பும்போது அவரைப் பேசவிட வேண்டும். பேசி முடித்தபின் அவருக்கு நேரான விடை அளிக்க வேண்டும். அதைச் செய்யாத சபையிலிருந்து நேர்மையுள்ளவர்கள் வெளியேறுவார்கள். அவர்கள் வெளியேறியபின் ஒற்றுமையைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் நிகழ்ந்தாலும் அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள்.