வீட்டுக்குள் சினிமாவைக் கொண்டுவந்தவர்

வீட்டில் ஒரு வெள்ளைச் சுவர். எதிரே ஒரு சின்ன புரொஜக்டர். பக்கத்தில் கம்ப்யூட்டர். விளக்கை அணைத்தால் போதும், வீடே சினிமாக் கொட்டகை ஆகிவிடும். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் உட்கார்ந்து படம் பார்க்கலாம்.

இன்று இது பெரிய விஷயம் அல்ல. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன் வீட்டில் சினிமா காட்டுவது, நெருப்போடு விளையாடுவது போல இருந்தது. படச் சுருள் தீப்பிடித்தால் அணைக்க முடியாது. வீடே சாம்பலாகிவிடும்!

அந்த ஆபத்தைப் போக்கி, குடும்பத்தாரே படம் எடுக்கவும், வீட்டிலேயே அதைப் போட்டுப் பார்க்கவும் வழி செய்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். “கோடக்” கம்பெனியை உண்டாக்கியவர் இவர்தான்.

ஊரார் குடும்பங்களை எல்லாம் படம் பிடிக்க வைத்த ஈஸ்ட்மனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. கடைசிவரை அவர் கலியாணம் செய்துகொள்ளவே இல்லை.

அவருடைய கதையைக் கேளுங்கள்.

7 வயதில் தகப்பனை இழந்தார்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு மூத்தவர்கள் இரண்டு பெண்கள்.

தகப்பனார், ராச்செஸ்டர் நகரில் கணக்கு எழுதுவது போன்ற வியாபாரப் படிப்பு சொல்லித்தரும் பள்ளி நடத்தினார். 1862-ம் ஆண்டு அவர் இறந்துவிட்டார். அப்பொழுது ஜார்ஜுக்கு வயது 7.

குடும்பம் நொடித்தது. தாயார் மரியா மனம் தளரவில்லை. வீட்டில் வெளியாட்களைத் தங்க வைத்து, அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்டார். அந்தக் காசில் பிள்ளைகளை வளர்த்தார். பெண்களில் ஒருத்தி இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கியவள். சக்கர நாற்காலியில் இருந்த அவளும் 1870-ம் ஆண்டு இறந்துபோனாள்.

அந்தக் காலத்தில் சினிமா கிடையாது. போனவர் போனவர்தான். அவர் நடந்த நடையை, சிரித்த சிரிப்பை, திரும்பப் பார்க்க வழியே இல்லை.

வாரம் 3 டாலர் சம்பளம்

படிப்பை நிறுத்திவிட்டு, ஜார்ஜ் வேலைக்குப் போனார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் எடுபிடிப் பையன். சம்பளம் வாரத்துக்கு 3 டாலர். இரவில் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதப் படித்தார். 1874-ம் ஆண்டு ராச்செஸ்டரில் ஒரு பாங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் வாரம் சுமார் 15 டாலர்.

1877-ம் ஆண்டு விடுமுறையில் சாண்டோ டொமிங்கோ என்ற ஊருக்குப் போக நினைத்தார். போகிற இடத்தைப் போட்டோ பிடித்து வரும்படி உடன் வேலை செய்தவர் ஒருவர் யோசனை சொன்னார். உடனே ஈஸ்ட்மன் ஒரு காமிரா வாங்கினார்.

அதோடு முடிந்ததா? காமிராவைத் தூக்க ஒரு கனத்த முக்காலி. கண்ணாடித் தகடுகள். மருந்துப் புட்டிகள். தண்ணீர்ப் பாத்திரம். இருட்டுக்கு ஒரு கூடாரம்! கண்ணாடியில் மருந்து தடவி, அந்த ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். ஒரு போட்டோ எடுக்க ஒரு வண்டிச் சாமான் வேண்டும் போல் இருந்தது.

ஈஸ்ட்மன் அந்த ஊருக்குப் போகவே இல்லை. இந்தச் சுமையைக் குறைப்பது எப்படி என்ற சிந்தனை அவரைப் பிடித்துக்கொண்டது.

சமையல் அறையில் சோதனை

பகலில் பாங்கி வேலை. இரவில் தாயாரின் சமையல் அறையில் சோதனை. மருந்தைக் காய்ச்சுவார், கண்ணாடியில் தடவுவார், கழுவிப் பார்ப்பார். சில நாட்கள், உடுத்த உடையோடு அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவார்.

மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். காய்ந்த பிறகும் படம் பிடிக்கக்கூடிய தகடுகளை நன்றாகத் தயாரிக்கக் கற்றார். அவற்றைச் செய்ய ஒரு இயந்திரமும் கண்டுபிடித்தார். 1880-ம் ஆண்டு ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்கினார். அவர் தாயார் வீட்டில் தங்கியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் என்பவர் பணம் போட்டுப் பங்காளி ஆனார். குதிரை வண்டிக்குச் சாட்டை செய்து விற்றவர் அவர்!

தொழில் நன்றாக நடந்தது. திடீரென்று ஓர் இடி விழுந்தது. கடைகளுக்கு அனுப்பிய தகடுகளில் படம் சரியாக விழவில்லை. வாங்கியவர்கள் முறையிட்டார்கள்.

ஈஸ்ட்மன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. கெட்ட தகடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நல்ல தகடுகளைக் கொடுத்தார். கம்பெனியில் இருந்த பணம் எல்லாம் கரைந்தது. வெளியிலிருந்து வாங்கிய ஜெலட்டின் என்ற பசைப் பொருள் கெட்டிருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. பணம் போயிற்று, பெயர் நின்றது.

கண்ணாடி போய் பிலிம் வந்தது

கண்ணாடி கனம், உடையும். அதற்குப் பதிலாகச் சுருட்டி வைக்கக்கூடிய பொருள் வேண்டும் என்று ஈஸ்ட்மன் எண்ணினார். முதலில் காகிதச் சுருள் செய்தார்.

1888-ம் ஆண்டு “கோடக்” என்ற காமிரா வந்தது. விலை 25 டாலர். அதில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் காமிராவைக் கம்பெனிக்கு அனுப்பினால், படங்களைக் கழுவிப் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். மருந்தும் கூடாரமும் இல்லாமல் யாரும் போட்டோ எடுக்கலாம் என்று ஆயிற்று. “கோடக்” என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது. சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று அவரே உண்டாக்கிய பெயர் அது.

1889-ம் ஆண்டு, கம்பெனி ரசாயன நிபுணர் ஹென்றி ரெய்ச்சன்பாக் உதவியால், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பிலிம் வந்தது. அதைத் தேடி வந்து வாங்கியவர்களில் ஒருவர், விஞ்ஞானி எடிசன். நீண்ட பிலிமில் வரிசையாகப் படம் பிடித்து ஓட்டினால், படம் அசைவது போல் தெரியும் அல்லவா? எடிசனின் ஆட்கள் அதைச் செய்து காட்டினார்கள். சினிமாத் தொழில் வளர்ந்தது. ஈஸ்ட்மன் பெரும் பணக்காரர் ஆனார்.

இதில் ஒரு வழக்கும் உண்டு. ஹன்னிபல் குட்வின் என்ற பாதிரியார், இத்தகைய பிலிமுக்கு 1887-ம் ஆண்டிலேயே உரிமை கேட்டு மனுச் செய்திருந்தார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 1914-ம் ஆண்டு கோடக் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்தது. அப்பொழுது குட்வின் உயிரோடு இல்லை.

தண்ணீரிலும் எரியும் பிலிம்

அந்தப் பிலிமில் ஒரு பெரிய குறை இருந்தது. அது வெடிமருந்துக்கு உறவான பொருளால் செய்யப்பட்டது. ஒரு பொறி பட்டால் குபீர் என்று எரியும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருந்ததால், தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது!

அதனால்தான் சினிமாக் கொட்டகைகளில் புரொஜக்டருக்கு, தீப்பிடிக்காத தனி அறை கட்டினார்கள். இப்படிப்பட்ட பிலிமை, குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் வைக்கலாமா?

வீட்டு சினிமா வேண்டும் என்று பலர் முயன்றார்கள். எடிசன் 1912-ம் ஆண்டு எளிதில் தீப்பிடிக்காத பிலிமுடன் ஒரு புரொஜக்டரை விற்றார். அது நிலைக்கவில்லை. பிரான்சு நாட்டில் “பாத்தே” கம்பெனி 1922-ம் ஆண்டு இறுதியில் ஒரு சின்ன புரொஜக்டரைக் கொண்டுவந்தது.

ஈஸ்ட்மன், 1922-ம் ஆண்டு ராச்செஸ்டரில் 3 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய தியேட்டரைக் கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் பெரிய தியேட்டர் கொடுத்தவர், மறு ஆண்டே வீட்டுக்குச் சின்னத் தியேட்டர் கொடுத்தார்!

16 மில்லிமீட்டர் ரகசியம்

1923-ம் ஆண்டு, 16 மில்லிமீட்டர் அகலம் உள்ள பிலிமைக் கோடக் வெளியிட்டது. இது எளிதில் தீப்பிடிக்காத பொருளால் ஆனது.

அது என்ன 16? கொட்டகைப் பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர். வீட்டுப் பிலிமின் அகலம் அதில் சரிபாதியாக இருந்தால், யாராவது கொட்டகைப் பிலிமை இரண்டாகக் கிழித்து, வீட்டு உபயோகத்துக்கு விற்றுவிடலாம். வாங்கியவர் வீடு பற்றி எரியும். பாதியாகக் கிழித்தால் 16 வராது, பதினேழரைதான் வரும். அது இந்த புரொஜக்டரில் நுழையாது. அளவைக் கொண்டே ஆபத்துக்குக் கதவு சாத்திவிட்டார்கள்!

செலவும் குறைந்தது. முன்பு ஒரு பிலிமில் எடுத்து, இன்னொரு பிலிமில் பிரதி போட வேண்டும். ஜான் காப்ஸ்டாப் என்ற கோடக் ஆராய்ச்சியாளர், எடுத்த பிலிமையே ஓட்டும் பிலிமாக மாற்றும் முறையைத் தேர்ச்சி செய்தார். 100 அடிச் சுருளில் 4 ஆயிரம் படங்கள் அடங்கும். விநாடிக்கு 16 படம் வீதம் ஓட்டினால், 4 நிமிடத்துக்கு மேல் பார்க்கலாம்.

காமிரா, முக்காலி, புரொஜக்டர், திரை, பிலிம் ஒட்டும் கருவி எல்லாம் சேர்ந்து விலை 335 டாலர். முதலில் வசதி உள்ளவர்களே வாங்கினார்கள். வீட்டில் போட்டுப் பார்க்கச் சிரிப்புப் படங்களை வாடகைக்குக் கொடுக்கும் நிலையங்களும் வந்தன. 1926-ம் ஆண்டு ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர், சொந்தமாகப் படம் எடுப்போருக்காக ஒரு சங்கமே தொடங்கினார். அதற்கு ஒரு பத்திரிகையும் இருந்தது.

பிற்காலத்தில் 16 மில்லிமீட்டர் பிலிம் பள்ளிகளுக்கும் பட்டாளங்களுக்கும் போயிற்று. நம் நாட்டிலும் அரசாங்க வண்டிகள் கிராமம் கிராமமாகச் சென்று, இந்த புரொஜக்டரில் படம் காட்டின.

கொடுத்த கை

ஈஸ்ட்மன் பணத்தைப் பூட்டி வைக்கவில்லை. 1919-ம் ஆண்டு, தம் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தார். ஏழைக் குழந்தைகளுக்காகப் பல் ஆஸ்பத்திரிகள் கட்டினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2 கோடி டாலர் கொடுத்தார். தம் பெயரைச் சொல்லாமல், “ஸ்மித்” என்ற பொய்ப் பெயரில் கொடுத்தார்! மொத்தம் 10 கோடி டாலர் வரை தர்மம் செய்தார்.

1905-ம் ஆண்டு பெரிய மாளிகை கட்டித் தாயாரை அதில் வைத்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் தாயார் காலமானார்.

1928-ம் ஆண்டு அந்த மாளிகைக்கு எடிசனையும் மற்றும் பலரையும் அழைத்தார். 16 மில்லிமீட்டரில் வண்ணப் படம் எடுக்கும் புது முறையைக் காட்டினார்.

பிறகு முதுகெலும்பு நோய் வந்தது. நடக்க முடியாமல் தவித்தார். 1932-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 77. எவ்வளவு பெரிய மனிதரானாலும், நோயும் முதுமையும் வாட்டும்போது மனம் உடைந்துபோகலாம். அப்படித் தவிப்பவரைத் தனியே விடாமல் இருப்பது பக்கத்தில் உள்ளவர்கள் கடமை.

இன்றும் ஓடுகிறது

அதே 1932-ம் ஆண்டு, இன்னும் விலை குறைந்த 8 மில்லிமீட்டர் பிலிமைக் கோடக் வெளியிட்டது. நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின. ஈஸ்ட்மனின் மாளிகை 1949-ம் ஆண்டு முதல் போட்டோ, சினிமா காட்சிசாலையாக இருக்கிறது. பழைய படங்களை அங்கே பாதுகாக்கிறார்கள்.

இப்பொழுது வீட்டில் பிலிம் ஓட்டுவோர் மிகச் சிலர். கம்ப்யூட்டரும் புரொஜக்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. படம் எடுக்கக் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் எடுத்த படங்களைப் பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்காவிட்டால், கருவி கெட்டுப்போகும் நாளில் படமும் போய்விடும். பழைய பிலிம் சுருள் வைத்திருப்பவர்கள், அதைச் சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். காடி வாசனை அடித்தால், அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அறியலாம்.

ஈஸ்ட்மன் 7 வயதில் பறிகொடுத்த தகப்பனாரின் நடையை, அவர் மறுபடி பார்க்க வழி இல்லாமல் போயிற்று. இன்று உங்கள் வீட்டுத் தாத்தா நடப்பதையும், பாட்டி சிரிப்பதையும் நீங்கள் படம் பிடித்து வைக்கலாம். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள், வீட்டுச் சுவரில் அதைப் பார்ப்பார்கள்.