ஹைதர் அலி கொடுத்த 300 ரூபாயை என்ன செய்தார் சுவார்ட்ஸ் ஐயர்?

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போய் வந்தவர்களுக்கு ஹைதர் அலி பெயர் புதுசு இல்லை. 1755-ல் மைசூர் அரசின் பவுஜ்தாராக இங்கே வந்தவர், கன்னிவாடி உள்ளிட்ட பாளையங்களைப் பணிய வைத்துத் தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டார். பின்னாளில் மைசூரே அவர் கைக்குள் வந்தது. கிழக்கிந்திய கம்பெனிக்கும் அவருக்கும் உரசல் முற்றிய 1779-ல், சென்னையிலிருந்த கம்பெனி அரசு அவரிடம் ஒரு தூதரை அனுப்பியது. போனவர் படைத்தளபதி அல்ல, ஒரு கிறிஸ்தவப் போதகர். அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஹைதரே கேட்டதாகச் செவிவழிக் கதையும் உண்டு.

அவர்தான் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ்.

யார் இவர்?

1726-ல் பிரஷ்யாவில், இன்றைய போலந்தில் இருக்கும் சோனன்பர்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பிள்ளையைக் கடவுளுக்கு அர்ப்பணித்துவிட்டுத்தான் அந்தத் தாய் கண்ணை மூடினார். ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கிய சுவார்ட்ஸ், 1750-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். அதன்பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1760-களில் திருச்சியில் அவர் தங்கியிருந்த அறை, கட்டில் போட்டால் மிச்ச இடமே இல்லாத அளவுக்குச் சின்னது. ஆண்டுக்கு 48 பவுண்டில் வாழ்க்கை. சாப்பாடு சோறும் காய்கறியும். உடுத்தியது கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. பின்னர் ராணுவத்தினருக்கான போதகர் என்ற முறையில் 100 பவுண்ட் வந்தபோதும், அதில் பெரும்பகுதி மிஷன் வேலைக்கே போனது.

‘சோதனை’ என்றால் என்ன?

வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்த இயேசுவைப் பிசாசு மூன்று விதமாகச் சோதித்ததாகச் சுவிசேஷங்கள் சொல்கின்றன. பசிக்குக் கல்லை அப்பமாக்கு, ஆலய உச்சியிலிருந்து குதித்து உன்னை நிரூபி, என்னை வணங்கினால் உலக ராஜ்யங்கள் உனக்கு என்பவைதான் அந்த மூன்று. கிறிஸ்தவ நம்பிக்கையில் சோதனை என்பது கெட்ட பழக்கங்களைப் பற்றியது மட்டும் இல்லை. பிழைப்பு, பேர், அதிகாரம் எனப் பார்ப்பதற்கு நியாயமாகத் தெரிகிற வழியிலும் அது வரும். சுவார்ட்ஸுக்கு அப்படித்தான் வந்தது.

300 ரூபாய் கதை

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையோடு நடத்தினார். கிளம்பும்போது வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். வாங்க மறுத்துப் பார்த்தார் சுவார்ட்ஸ், முடியவில்லை. நேராகக் கொண்டுபோய்க் கம்பெனி அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்ன பிறகும் தனக்கென எடுக்காமல், தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக்கினார். தூது போனதற்கு வெகுமதியும் வேண்டாம் என்றார். திருச்சியில் இருந்த சக ஊழியருக்கு ஊதியம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தூது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே போர் வெடித்தது. ஆனாலும் இந்தப் போதகரை யாரும் தொடக்கூடாது, அவர் போகிற இடத்துக்குப் போகட்டும் என்று தன் படைக்கு உத்தரவு போட்டார் ஹைதர். எதிரி முகாமிலிருந்து வந்தவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கை நெல்லாக வந்தது

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நெல் இருந்தும் கொண்டுவர மாடு கிடைக்கவில்லை. ஏற்கெனவே மாடு கொடுத்து ஏமாந்த விவசாயிகள் அரசையும் நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. பணத்துக்குத் தானே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதிக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து இறங்கியது. வாக்குக் கொடுத்தபடி பணத்தையும் பட்டுவாடா செய்தார்.

300 ரூபாயைக்கூடத் தனக்கென வைத்துக்கொள்ளாத மனுஷன், நம்ம பணத்தையா வைத்துக்கொள்ளப் போகிறார் என்ற கணக்குதான்.

தேடி வந்த அதிகாரம்

1787-ல் மரணப் படுக்கையில் இருந்த தஞ்சை மன்னர் துளஜா, தத்துப்பிள்ளையான சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு ராஜ்யத்தின் நிர்வாகமே அவர் கையில் இருந்திருக்கும். அவர் மறுத்து, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் கைகாட்டினார். ஆனால், அமர்சிங் தானே அரியணையில் உட்கார்ந்தார். சரபோஜி படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தார். அப்போது சுவார்ட்ஸ் ஒதுங்கிப் போகவில்லை. கம்பெனியிடம் வாதாடி, பையனை மீட்டுச் சென்னையில் படிக்க வைக்க வழி செய்தார்.

கம்பெனியோடு அவர் நெருக்கமாக இருந்தது விமர்சிக்கப்படுவதுண்டு. ஆனால், அந்த நெருக்கத்தை வைத்து அவர் அரண்மனை கட்டிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த சொத்தையும் மிஷனுக்கே எழுதி வைத்தார்.

சரபோஜியின் நன்றி

1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி மன்னரானார். அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். என்றாலும், தன்னை வளர்த்தவருக்காக இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்ய வைத்தார். படுக்கையில் இருக்கும் போதகரின் கையை மன்னர் பற்றியிருக்கும் அந்தச் சிற்பத்தைத் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம்.