மெழுகுவத்தியை ஒளித்து வைத்துப் படித்த சோஃபி



ஸ்டீல் ஸ்கேலை டெஸ்க் ஓரத்தில் நீட்டி வைத்து, ஒரு பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு நுனியைத் தட்டி விட்டால் டர்ர்ர் என்று அதிரும். இதைச் செய்து டீச்சரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? அந்த ஸ்கேல் எவ்வளவு வளையும், எப்படி அதிரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிட முடியுமாம். சிவில் இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் பொருள்களின் வலிமை என்று ஒரு தனிப் பாடமே படிக்கிறார்கள். பாலமும் மாடித் தளமும் பாரம் தாங்குமா என்று கண்டுபிடிப்பது அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

ஸ்கேல் மாதிரி ஒல்லியாக இருந்தால் கணக்கு கொஞ்சம் சுலபம். அகலமான தகடாக இருந்தால் ரொம்பக் கஷ்டம். பெரிய பெரிய மேதைகளே தயங்கிய அந்தக் கணக்கைத் துணிந்து கையில் எடுத்தவர் ஒரு பெண். கல்லூரி வாசற்படியைக்கூட மிதிக்க விடப்படாத பெண். அவர்தான் சோஃபி ஜெர்மேன்.

சோஃபி 1776ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா பட்டு வியாபாரி. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது சோஃபிக்கு வயது 13. தெருவெல்லாம் கலவரம். வெளியே போக முடியாது. பொழுது போகாமல் அப்பாவின் புத்தக அலமாரியைக் குடைந்தார். அதில் ஆர்க்கிமிடிஸ் கதை இருந்தது. எதிரிப் படை ஊருக்குள் நுழைந்ததுகூடத் தெரியாமல் அவர் கணக்கில் மூழ்கியிருந்தார், ஒரு போர்வீரன் வந்து கொன்றுவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. உயிரே போகிற நேரத்திலும் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறதே, அப்படிக் கணக்கில் என்னதான் இருக்கிறது என்று சோஃபிக்கு ஆசை வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பொம்பளைப் பிள்ளை கணக்குப் படித்தால் உடம்பு கெட்டுவிடும் என்று நினைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். சோஃபி கேட்கவில்லை. ராத்திரி படிக்கக் கூடாது என்று அறையில் கணப்பு நெருப்பை அணைத்தார்கள். கம்பளி உடுப்பை எடுத்துக்கொண்டார்கள். மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டார்கள். பாரிஸ் குளிர் சும்மா இல்லை. ஆனால் சோஃபி முன்பே சில மெழுகுவத்திகளை ஒளித்து வைத்திருந்தார். எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு நாள் காலையில் வீட்டார் வந்து பார்த்தால் மேசை மேலேயே தூங்கிக்கொண்டிருந்தார். புட்டியில் இருந்த மை உறைந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் மனம் இறங்கியது. பின்னாளில் அப்பாதான் செலவுக்குப் பணம் கொடுத்து அவரை ஆதரித்தார்.

1794இல் பாரிஸில் பெரிய தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்கினார்கள். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. சோஃபி அந்தப் பாடக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்தார். லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில் விடை எழுதி, பேராசிரியர் லெக்ராஞ்சிக்கு அனுப்பினார். விடைகளைப் பார்த்து அசந்துபோன லெக்ராஞ்சி அந்த மாணவனைப் பார்க்க விரும்பினார். வந்து நின்றது ஒரு பெண்! அவர் கோபப்படவில்லை. பாராட்டி, ஊக்கம் கொடுத்தார்.

1804இல் அதே ஆண் பெயரில், ஜெர்மனியின் கணித மேதை காஸுக்கும் கடிதம் எழுதினார். 1806இல் பிரெஞ்சுப் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தது. ஆர்க்கிமிடிஸுக்கு நடந்தது காஸுக்கும் நடந்துவிடுமோ என்று சோஃபிக்குப் பயம். குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு தளபதியிடம் சொல்லி அவருக்குப் பாதுகாப்பு கேட்டார். அதனால் லெ பிளாங்க் யார் என்ற உண்மை வெளியே வந்தது. காஸ் ரொம்பச் சந்தோஷப்பட்டு, மனதாரப் புகழ்ந்து எழுதினார்.

இப்போது தகடு விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாட்னி என்பவர் பாரிஸுக்கு வந்து ஒரு வேடிக்கை காட்டினார். தகட்டின் மேல் மெல்லிய மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்தார். மணல் தானாக நகர்ந்து கோலம் போட்டது! அதிராத இடத்தில் மணல் போய்ச் சேர்வதால் வருகிற கோலம் அது. இதற்குக் கணக்கு என்ன என்று கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் மதிப்புள்ள தங்கப் பதக்கம் என்று 1809இல் நெப்போலியன் ஆதரவோடு போட்டி அறிவித்தார்கள். இருக்கிற கணிதம் இதற்குப் போதாது என்று லெக்ராஞ்சியே சொல்லிவிட்டதால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1811இல் வந்தது ஒரே ஒரு கட்டுரை. அது சோஃபியுடையது.

தகடு வளையும்போது, நீளவாக்கில் எவ்வளவு வளைகிறது, அகலவாக்கில் எவ்வளவு வளைகிறது என்று இரண்டையும் கூட்டிப் பார்த்தால், அது எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று தெரியும். இதுதான் அவருடைய யோசனை. யோசனை நல்லது. ஆனால் சமன்பாட்டில் தப்பு வந்துவிட்டது. பரிசு இல்லை. அந்த யோசனையிலிருந்து சரியான சமன்பாட்டை லெக்ராஞ்சி எழுதிக் காட்டினார். 1813இல் சோஃபி மறுபடி அனுப்பினார். பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816இல் பரிசு கிடைத்தது. அப்போதும் சில குறைகள் இருப்பதாக நடுவர்கள் சொன்னார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை.

அவர் கட்டுரையில் தப்பு இருந்தது உண்மை. ஆனால் பக்கத்தில் உட்கார வைத்து முறையாகச் சொல்லித் தர அவருக்கு யாரும் இல்லை. நமக்கு தப்பு வந்தால் டீச்சர் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

1821இல் சொந்தச் செலவில் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட்டார். பின்னால் வந்த அறிஞர்கள் குறைகளைச் சரி செய்தார்கள். 1850இல் கிர்ச்சாஃப் என்பவர் தகட்டுக் கணக்கை முழுமையாக்கினார். இன்று காங்கிரீட் தளத்துக்கும் கப்பல் தகட்டுக்கும் அந்த வழியில் வந்த கணக்குதான்.

சோஃபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புற்றுநோய் வந்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1831 ஜூன் 27ஆம் தேதி, 55ஆவது வயதில் இறந்தார். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் கணித மேதை என்று எழுதவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று எழுதினார்கள். 1889இல் ஈஃபில் கோபுரம் கட்டியபோது 72 அறிஞர்களின் பெயரை அதில் பொறித்தார்கள். லெக்ராஞ்சி பெயர் இருந்தது. சோஃபி பெயர் இல்லை. இன்று பாரிஸில் ஒரு தெருவுக்கும் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா பத்தாவதில் கணக்கில் 96 வாங்கியது. மேலே படிக்க அனுப்பவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பஸ்ஸில் தனியாகப் போகணுமே என்ற பயம்தான். சோஃபி வீட்டிலும் முதலில் பயம்தான் இருந்தது. அப்புறம் மனம் மாறியது. இதைப் படிக்கிற பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நானும் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்தான் எடுக்கப் போகிறேன். இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்!

கடைசியாக ஒரு புதிர். ஒரு பகா எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் அதுவும் பகா எண்ணாக வந்தால், முதல் எண்ணுக்கு சோஃபி ஜெர்மேன் பகா எண் என்று பெயர். உதாரணம் 11. இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 23. இரண்டும் பகா எண்கள். 20க்கும் 40க்கும் நடுவில் இப்படி இரண்டு எண்கள் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள். விடை அடுத்த இதழில்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி