இரேனியஸ் ஐயர்: ஊர் தேடியவர்களுக்கு ஊர் கட்டியவர்



நம் ஊரின் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மாசி! தைக்கும் பங்குனிக்கும் நடுவில் வரும் மாதத்தின் பெயராகிவிடுகிறது. ஆக்லாந்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் குடியேறுமுன் நம்மில் ஒவ்வொருவரும் சில கேள்விகளைக் கேட்டிருப்போம். பள்ளிக்கூடம் எப்படி? அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள்? நம் பிள்ளைகளின் நிறத்தையும் பெயரையும் மதியச் சாப்பாட்டையும் கேலி செய்யாமல் ஏற்றுக்கொள்வார்களா? ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஜெபிக்க நம்மைப் போல நாலு குடும்பங்கள் கிடைக்குமா?

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையில் நம் முன்னோரில் பலர் இவற்றையே கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் தேடிக் கொடுத்த ஒருவரின் வாழ்க்கையை இந்த ஆண்டுவிழா மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ் என்பது அவர் பெயர். அந்நாளில் போதகர்களை ஐயர் என்று அழைப்பது வழக்கம். அதனால் நம் பாட்டன் பாட்டிமாருக்கு அவர் இரேனியஸ் ஐயர்.

பிரஷ்ய நாட்டில் கிரவ்டென்ஸ் என்ற கோட்டை ஊரில் 1790 நவம்பர் 5-ம் தேதி அவர் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து தேசத்தில் இருக்கிறது. தகப்பன் படை அதிகாரி. சிறுவயதிலேயே தகப்பனை இழந்த பிள்ளை பெர்லின் நகரில் வேதசாஸ்திரம் படித்து, லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்தின் சி.எம்.எஸ். சங்கத்தின் மூலம் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1814-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23.

பிள்ளைகளே, அவரும் நம்மைப் போல அந்நிய தேசத்தில் குடியேறியவர்தான் என்பதைக் கவனியுங்கள். தாய்மொழி ஜெர்மன், சங்கத்தின் மொழி ஆங்கிலம், வந்து சேர்ந்த இடத்தின் மொழி தமிழ். ஆனால் அவர் தமிழை வேலைக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற புலவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். பிற்பாடு தமிழுக்கு ஓர் இலக்கண நூலே எழுதினார். 1832-ல் வந்த அவருடைய பூமி சாஸ்திரம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உலகத்தைத் தமிழிலேயே காட்டிய புத்தகம். புதிய ஏற்பாட்டையும் சாதாரண ஜனங்களுக்கு விளங்கும் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தார்.

1820 ஜூலை 7-ம் தேதி அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அப்போது அந்தப் பகுதியில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேரே. அவர் வருவதற்கு முன்பே 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று ஓர் ஊரை உண்டாக்கியிருந்தார். சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாத கிறிஸ்தவர்கள் குடியேற, அவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர். ஆகவே அதற்கு முதலூர் என்றே பெயர். நம் சபையில் முதலூரைத் தாயூராகக் கொண்டவர்கள் இருந்தால், அந்தப் பெயரின் அர்த்தத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏன் தனி ஊர் தேவைப்பட்டது? அந்நாளில் ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் குடியிருக்கும் மனையும் ஏறும் பனையும் பெரும்பாலும் சொந்தமல்ல, அவை நிலக்காரருடையவை. குடும்பம் விசுவாசத்தை மாற்றிக்கொண்டால் நிலக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குடியை எழுப்பிவிடுவதாக மிரட்டுவார். பொய் வழக்குகள் வரும். ஜெபவீட்டின் ஓலைக்கூரையில் நெருப்பு விழும். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டாலும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பது? தகப்பனும் தாயும் அதைத்தான் நினைத்துக் கலங்கினார்கள்.

இரேனியஸ் ஐயர் இந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பவில்லை. நிலம்தான் பிரச்சினை என்றால் நிலம்தான் மருந்து என்று கண்டார். விலைக்கு நிலம் வாங்கி அதில் அவர்களைக் குடியேற்றினார். ஊர் நடுவில் ஆலயம் எழும்பியது, பக்கத்தில் பள்ளிக்கூடம். இனி யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பிவிட முடியாது என்ற தைரியம் ஒரு குடும்பத்துக்கு வந்துவிட்டால், மற்றவை ஒவ்வொன்றாக வரும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் எழுத்துப் படிக்க உட்கார்ந்தார்கள்.

இப்படி உண்டான ஊர்களில் ஒன்று டோனாவூர். 1827-ல் புலியூர்க்குறிச்சி என்ற இடத்தில் நிலம் வாங்கப் பணம் அனுப்பியவர் டோனா என்ற பிரஷ்ய நாட்டுப் பிரபு. டோனாவோடு ஊர் சேர்ந்து டோனாவூர் ஆயிற்று. ஒரு ஜெர்மன் பெயருக்குப் பின்னால் நம் தமிழ் ஊர் எவ்வளவு சொந்தமாக உட்கார்ந்துகொண்டது பாருங்கள்! பல வருடங்களுக்குப் பிறகு எமி கார்மைக்கேல் அம்மையார் கைவிடப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்ததும் இந்த டோனாவூரில்தான். பிள்ளைகள் பயமில்லாமல் வளர வேண்டும் என்று தொடங்கிய ஊர், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் வீடாயிற்று.

எல்லா ஊருக்கும் ஒரு பிரபு கிடைப்பாரா? கிடைக்கமாட்டார். ஆகவே 1830-ல் ஐயர் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். சபையார் தாங்களே காணிக்கை போட வேண்டும்; சேர்ந்த பணத்தில் நெருக்கப்படுகிறவர்களுக்காக நிலமும் மனையும் வாங்க வேண்டும்; ஆலயமும் பள்ளியும் கட்ட வேண்டும். காணிக்கை போட்டவர்கள் செல்வந்தர்கள் அல்ல. நேற்று தங்களுக்கு இடம் கிடைத்தது, நாளை இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. 1835-க்குள் இருநூறுக்கும் மேலான ஊர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சபையில் சேர்ந்திருந்தார்கள்.

ஆனால் ஒரே விசுவாசம் உள்ளவர்கள் ஓர் இடத்தில் கூடிவிட்டால் அங்கே அன்பு தானாக வந்துவிடுமா? வராது. அதை ஐயர் தம்முடைய சொந்தப் பள்ளியிலேயே கண்டார். உபதேசிமாரைப் பயிற்றுவிக்க அவர் நடத்திய பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். உயர்ந்த சாதி என்று தங்களை எண்ணிக்கொண்ட சிலர் மறுத்தார்கள். ஒரே வேதத்தை ஒன்றாக வாசிக்கச் சம்மதித்தவர்கள், ஒரே சோற்றை ஒன்றாகச் சாப்பிடச் சம்மதிக்கவில்லை. மாணவர்கள் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஐயர் உறுதியாக நின்றார். சேர்ந்து உட்காரச் சம்மதித்தவர்களோடு பள்ளியை நடத்தினார். இன்றைக்கும் இந்தக் காரியத்தில் திருநெல்வேலியிலும் நாம் வாழும் இடங்களிலும் நம் கணக்கு தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் மனதில் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த சோதனை அவருக்கே வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் சில ஒழுங்குகளைக் குறித்து அவருக்கு வேறு கருத்து இருந்தது. அதை மறைக்காமல் எழுதி அச்சிட்டார். சங்கம் ஏற்கவில்லை. 1835-ல் சங்கத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு முறிந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு ஊர் கட்டிக் கொடுத்தவர், தம் குடும்பத்தோடு ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியில் இருந்தவர்கள் வரும்படி வேண்டிக்கொண்டதால் அதே வருடம் திரும்பி வந்தார். அவர் வந்ததில் பலருக்குச் சந்தோஷம். ஆனால் சபை இரண்டாகப் பிரிந்தது. ஒரே குடும்பத்தாரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். வெளியிலிருந்து வந்த நெருக்கத்தைத் தாங்கிய ஊர்கள், உள்ளிருந்து வந்த பிரிவினையால் வாடின.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கதையை எழுதவில்லை. இரண்டு பக்கத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். 1838 ஜூன் 5-ம் தேதி, 47-வது வயதில், இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் காலமானார். அதன்பின் பிரிந்தவர்களில் பலர் மறுபடியும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒப்புரவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அன்பானவர்களே, நம்மை யாரும் குடியை எழுப்பி அனுப்பவில்லை. நாமே விமானம் ஏறி, நாமே வீடு தேடி இங்கே வந்தோம். ஆனாலும் இந்த வாழ்க்கை நமக்கு ஒன்று சொல்கிறது. பிள்ளைகளை வளர்க்க நல்ல ஊர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தால் அது கிடைக்காது. பக்கத்து மனையில் வருகிறவருக்காக நம் பையிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கும்போதுதான் அது உண்டாகிறது. ஒரே பந்தியில் உட்காரும்போது அது நிலைக்கிறது. கருத்து வேறுபட்ட சகோதரனையும் சகோதரியையும் வாசலுக்கு வெளியே நிறுத்தாதபோது அது பிள்ளைகளின் காலம் வரைக்கும் தங்குகிறது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாடு பரிமாறும்போது, உங்கள் சிநேகிதர்களோடு மட்டும் உட்காராமல், புதிதாக வந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரேனியஸ் ஐயருக்கும் முதலில் தெரியாதுதான்.