பொருநைக்குப் பாலம் தந்த பெருமகனார்

திருக்கோயில் எடுப்பதும், திருக்குளம் தொடுவதும், வழிநடையாளருக்குச் சாவடி அமைப்பதும் நம் முன்னோர் போற்றி வளர்த்த அறங்களாம். ஆற்றைக் கடக்க மாட்டாது கரையில் நின்று வருந்துவோர்க்கு வழி அமைத்துக் கொடுத்தலும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க பேரறமே. அவ்வறத்தைத் தம் சொந்தப் பொருளால் செய்து முடித்தவர் திருநெல்வேலி சுலோசன முதலியார் ஆவார்.

பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியாகிய பொருநை நதி, இரு பேரூர்களுக்கு இடையே ஓடுகின்றது. மேற்கே, ஐம்பெரும் சபைகளுள் தாமிரசபையைத் தன்னகத்தே கொண்ட நெல்லையப்பர் திருக்கோயில் விளங்கும் திருநெல்வேலி. கிழக்கே, கோட்டையும் படைவீடும் இருந்த பாளையங்கோட்டை. இவ்விரண்டையும் இணைக்கப் பாலம் இல்லாத அந்நாளில், மக்கள் தோணித்துறையையே நம்பி வாழ்ந்தனர். நெல்லையப்பரைத் தொழ வந்த அடியாரும், சுமை தாங்கி வந்த வணிகரும், வழக்கின்பொருட்டு வந்த குடியானவரும் முறைக்காக நெடுநேரம் காத்திருப்பர். நெரிசலில் முந்துவோரும் பிந்துவோரும் பூசலிடுவர். வெள்ளம் பெருகிய காலத்திலோ அக்கரை கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாது.

முதலியார் அப்பொழுது கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதார் என்னும் உயர்ந்த பதவியில் இருந்தார். தாமிரபரணிக்குப் பாலம் வேண்டும் என்ற கருத்து கலெக்டர் தாம்சன் காலத்தில் வலுப்பெற்றது. ஆனால் பணத்துக்கு வழி என்ன? ஊராரிடம் நிதி திரட்டுவது என்பதே முதலில் எழுந்த யோசனை என்பர். அலுவலகத்தின் பெயரால் கேட்டால் மறுக்கத் துணிவார் இல்லை. ஆயினும் மனமுவந்து கொடுப்பதற்கும் அஞ்சிக் கொடுப்பதற்கும் வேற்றுமை உண்டு. ஏழைகளும் அச்சுமையைத் தாங்க நேருமே என்று முதலியார் உள்ளம் நொந்தது. முடிவில், முழுச் செலவையும் தாமே ஏற்பது என்று துணிந்தார். அவருடைய இல்லத்தரசியாரும் தம் அணிகலன்களை மனமகிழ்ந்து எடுத்துக் கொடுத்தார் என்று நெல்லை மக்கள் வழிவழியாகச் சொல்லிப் போற்றுவர்.

1840-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. காப்டன் பேபர் என்பவர் வரைபடம் வகுத்தார்; ஆர்ஸ்லி என்பவர் கட்டுமானத்தை நடத்தினார். இலண்டன் மாநகரில் தேம்சு நதியின்மீது இருந்த வாட்டர்லூ பாலத்தை ஒத்த அமைப்பில், 60 அடி அகலமுள்ள 11 வளைவுகளுடன், ஏறத்தாழ 760 அடி நீளத்தில் பாலம் உருவாயிற்று. செலவான தொகை ரூபாய் 50,000. அந்நாளில் அது எத்துணைப் பெருஞ்செல்வம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 1843-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பெற்றது. அதன்பின் தோணிக்காகக் காத்து நிற்கும் துன்பம் இருகரை மக்களுக்கும் ஒழிந்தது.

அறம் செய்தார்க்கும் சோதனை உண்டு, அறத்துக்கும் உண்டு. 1869-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பாலத்தைச் சிதைத்தது. எனினும் 1871-இல் அது செப்பனிடப்பெற்று மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. பிற்காலத்தில் போக்குவரத்து மிகவே, பாலம் அகலப்படுத்தவும் பெற்றது. 1992-ஆம் ஆண்டிலும், 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிலும் பொருநை கரைபுரண்டு சீறிய போதும், பாலம் நிலைகுலையாது நின்றது. எந்த இலண்டன் பாலத்தை ஒத்து இது எழுந்ததோ, அப்பாலம் இருபதாம் நூற்றாண்டில் இடித்தகற்றப்பட்டுவிட்டது. நெல்லைப் பாலமோ இன்றும் சுமை தாங்குகின்றது.

கோயிலுக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும், செல்வரும் வறியரும், எச்சமயத்தினரும் வேற்றுமையின்றி அதன்மீது நடக்கின்றனர். நடப்போருள் அப்பெரியாரை நினைப்பவர் சிலராகவே இருக்கலாம். அதனால் அவர் தருமம் குறைந்துவிடவில்லை. பிறர் தோளில் சுமை ஏற்றாது, தம் தோளிலேயே தாங்கிச் செய்த அறம் அது. ஆகவே, பொருநை ஓடும் காலமெல்லாம் அவர் திருப்பெயரும் அப்பாலத்தோடு நின்று நிலவும். திருப்பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் யாவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்க வாழ்வு முதலியாருடைய வாழ்வாம். காந்திமதியம்மை உடனுறை நெல்லையப்பர் திருவருள் அத்தகைய உள்ளங்களை மேன்மேலும் பெருக்குவதாக!